நாள் குறிக்கப்படாத ஆடை: பழைய ஜீன்ஸின் காலத்தைக் கணிக்கும் முறை

கல்வெட்டிலும் நாணயத்திலும் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் பொறிக்கப்பட்டிருப்பது உண்டு. உழைப்பாளர் அன்றாடம் உடுத்திக் கந்தலானதும் எறிந்துவிட்ட ஆடையில் அத்தகைய குறிப்பு எதுவும் இராது. ஆயினும் மக்கள் வாழ்ந்த முறையை அறிய விரும்புவோர்க்கு, அரசனின் நாணயத்தைப் போலவே சுரங்கத் தொழிலாளியின் கால்சட்டையும் ஒரு சான்றாகும். அச்சான்று பயன்பட வேண்டுமாயின் முதலில் அதன் காலம் தெரிய வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிய நீலநிற ஜீன்ஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் இதனை முதன்முதலில் பெருமளவில் தயாரித்த லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் தலைமையிடம், 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி நிகழ்ந்த நிலநடுக்கத்தையும் அதனையடுத்து மூண்ட தீயையும் தொடர்ந்து அழிந்தது. அதற்கு முந்திய கணக்கேடுகளும் சரக்குப் பட்டியல்களும் உடன் அழிந்தன. எனவே அந்நிறுவனமே தன் தொடக்க கால வரலாற்றின் பெரும் பகுதியை, எஞ்சியுள்ள பழைய ஆடைகளைக் கொண்டே அறிய வேண்டியதாயிற்று. ஏடுகள் எரிந்த பின் ஆடையே ஏடாக நின்றது. அந்த ஏட்டைப் படிக்கும் முறையே இக்கட்டுரையின் பொருள். இம்முறை ஜீன்ஸுக்கு மட்டும் உரியதன்று. நாள் குறிக்கப்படாத எப்பொருளுக்கும் பொருந்தும்.

ஆடையின் தோற்றம்

நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர் வாழ்ந்தார். உழைப்பாளரின் கால்சட்டைகளில் பைகளின் ஓரம் விரைவில் கிழிந்துவிடுவதைக் கண்ட அவர், இழுவை மிகும் மூலைகளில் செப்பு ரிவெட்டுகளை அறைந்து தைத்தார். இவ்வுத்திக்குக் காப்புரிமை பெறுவதற்காக, தமக்குத் துணி விற்று வந்த வணிகர் லீவை ஸ்ட்ராஸுடன் கூட்டுச் சேர்ந்தார். 1873-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி 1,39,121 என்னும் எண்ணுள்ள காப்புரிமை வழங்கப்பட்டது. அது 1890-இல் காலாவதியாயிற்று. அதன் பின் ரிவெட் வைத்த கால்சட்டைகளை எவரும் தயாரிக்கலாயிற்று.

டெனிம் என்பது சாய்வரி நெசவுத் துணி. பாவு நூல் மட்டும் நீலச் சாயம் ஏற்றப்பட்டிருக்கும்; ஊடை நூல் சாயமின்றி இருக்கும். ஆகவே துணியின் மேற்புறம் நீலமாகவும் உட்புறம் வெளிறியும் தோன்றும். இவ்வகை உழைப்பாடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘டங்கரீ’ என்னும் பெயர், பம்பாயின் டோங்ரிப் பகுதியோடு தொடர்புடைய முரட்டுப் பருத்தித் துணியின் பெயரிலிருந்து வந்தது. நீலச் சாயமோ, நம் நாட்டில் நெடுங்காலமாக அவுரிச் செடியிலிருந்து எடுக்கப்பட்டு வந்ததாகும்.

முன்னெல்லையும் பின்னெல்லையும்

பழைய ஆடையைக் கையில் எடுத்தவுடன் ‘இது எந்த ஆண்டு?’ என்று கேட்பது பயனற்றது. ‘எந்த ஆண்டிற்கு முன் இது இருந்திருக்க முடியாது? எந்த ஆண்டிற்குப் பின் இது செய்யப்பட்டிருக்க முடியாது?’ என்னும் இரு கேள்விகளே முறையானவை. முதற் கேள்வியின் விடையை முன்னெல்லை என்றும், இரண்டாவதன் விடையைப் பின்னெல்லை என்றும் வழங்கலாம். ஆடையின் ஒவ்வோர் உறுப்பும் இவ்விரண்டில் ஒன்றையேனும் தரும். எல்லா உறுப்புகளும் தரும் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடைவெளியே ஆடையின் காலம்.

இதனை ஓர் உண்மை நிகழ்ச்சியால் விளக்கலாம். கைவிடப்பட்ட சுரங்கமொன்றில் கிடைத்த ஜீன்ஸ் ஒன்று, 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆஸ்டெக் நகரில் ஏலத்தில் 76,000 டாலருக்குக் கேட்கப்பட்டது. ஏலக் கட்டணமும் சேர்ந்து 87,400 டாலராயிற்று. அதில் பின்புறப் பை ஒன்றே இருந்தது. இரண்டாவது பின்புறப் பை 1901-இல் சேர்க்கப்பட்டது என்பது தெரியுமாதலால், 1901 அதன் பின்னெல்லை. பையின் உட்புறத் துணியில், வெள்ளையர் உழைப்பால் மட்டுமே செய்யப்பட்டது என்னும் பொருள்படும் விளம்பர வாசகம் அச்சிடப்பட்டிருந்தது. சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த 1882-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே நிறுவனம் இவ்வாசகத்தைப் பயன்படுத்தியது. 1890-களில் அதனைக் கைவிட்டது. ஆகவே முன்னெல்லை 1882; பின்னெல்லையும் 1901-லிருந்து 1890-களுக்கு இறங்கிவிடுகிறது.

இவ்வாசகம் காலத்தை மட்டும் காட்டவில்லை. அக்காலச் சமூகத்தில் ஓர் இனத்தார்மீது நிலவிய வெறுப்பு, விற்பனைக்கு உதவும் அளவுக்கு வெளிப்படையாக இருந்தது என்பதையும் காட்டுகிறது. நிறுவனங்கள் தம் வரலாற்றை எழுதும்போது விட்டுவிடக்கூடிய ஒன்றை, கந்தலான ஒரு பை காத்து வைத்திருந்தது. பழைய ஆடையைக் கவனமாகக் காப்பதன் தேவை இதனால் விளங்கும்.

உறுப்புகள் தரும் ஆண்டுகள்

லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் 501 என்னும் வகை நீண்ட காலம் இடைவிடாது தயாரிக்கப்பட்டது. அதன் மாறுதல்கள் நன்கு ஆராயப்பட்டிருப்பதால் அதனையே அளவுகோலாகக் கொள்வது வழக்கம். முதன்மையான மாறுதல்கள் வருமாறு:

1886: இரு குதிரைகள் ஒரு கால்சட்டையைக் கிழிக்க முயன்று தோற்கும் படம் பொறித்த தோல் வில்லை இடுப்பின் பின்புறம் தைக்கப்பட்டது.

1890 அளவில்: 501 என்னும் சரக்கு எண் வழங்கப்பட்டது.

1901: இரண்டாவது பின்புறப் பை சேர்ந்தது, பைகள் ஐந்தாயின.

1922: இடைவார் செருகும் கண்ணிகள் சேர்ந்தன. தோள்வார் மாட்டும் பொத்தான்களும் உடன் இருந்தன.

1936: வலப்புறப் பின்பையின் ஓரத்தில் நிறுவனப் பெயர் நெய்த சிறிய சிவப்பு நாடா தைக்கப்பட்டது.

1937 அளவில்: நாற்காலிகளையும் குதிரைச் சேணங்களையும் கீறிய பின்பை ரிவெட்டுகள் துணிக்குள் மறைக்கப்பட்டன. தோள்வார்ப் பொத்தான்கள் நீக்கப்பட்டன.

1950-களின் நடுப்பகுதி: தோல் வில்லைக்குப் பதிலாகத் தோல் போன்ற தடித்த அட்டை வில்லை வந்தது.

1960-களின் நடுப்பகுதி: மறைந்திருந்த பின்பை ரிவெட்டுகள் நீங்கின, அவ்விடத்தில் நெருக்கமான முட்டுத் தையல் வந்தது.

1971: சிவப்பு நாடாவிலுள்ள பெயரில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து, பெரிய வடிவிலிருந்து சிறிய வடிவிற்கு மாறியது.

இப்பட்டியலைப் பயன்படுத்துவோர் மூன்று எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, தொழிற்சாலையில் மாறுதல் ஒரே நாளில் நிகழ்வதில்லை. கையிருப்பிலுள்ள பழைய வில்லைகளும் நாடாக்களும் தீரும் வரை பயன்படுவது இயல்பு. எனவே ஓராண்டு ஈராண்டு முன்பின்னாக விட்டே கணிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு வகைக்குரிய அளவுகோலை மற்றொரு வகைக்கு வைத்துப் பார்க்கலாகாது. ஜிப் இருந்தால் அண்மைக் காலத்தது என்று பலர் எண்ணுவர். 501 வகையின் ஜிப் வைத்த வடிவம் 1954-இல் வந்தது உண்மையே. ஆனால் கான்ஸாஸ் மாநிலத்தில் தோன்றிய லீ நிறுவனம், ஜிப் வைத்த ஜீன்ஸை 1920-களிலேயே விற்றது. ப்ளூ பெல் நிறுவனத்தின் ராங்ளர் ஜீன்ஸ் 1947-இல் தொடங்கியது. ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் தனிப் பட்டியல் தேவை.

மூன்றாவது, ஓர் அடையாளம் இல்லாமை வேறு. அது இருந்து மறைந்தமை வேறு. வில்லை இல்லையென்றால், வில்லை தைத்திருந்த ஊசித் துளைகள் இடுப்புப் பட்டையில் உள்ளனவா என்று பார்த்த பின்னரே முடிவு கூற வேண்டும்.

போர்க்காலச் சிக்கனம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஈடுபட்ட பின், துணி, நூல், உலோகம் ஆகியவற்றைச் சிக்கனப்படுத்த அரசாங்கத்தின் போர் உற்பத்தி வாரியம் கட்டுப்பாடுகள் விதித்தது. அதன் விளைவு ஆடையிலேயே பதிந்துள்ளது. இடுப்பின் பின்புறம் இருந்த இறுக்கு வாரும் கொக்கியும் நீக்கப்பட்டன. கவட்டில் இருந்த ரிவெட்டும் கடிகாரப் பையின் ரிவெட்டுகளும் மறைந்தன. நிறுவனப் பெயர் பொறித்த பொத்தான்களுக்குப் பதிலாக, இலைவளையம் பொறித்த பொதுவான பொத்தான்கள் பயன்பட்டன. பின்பைகளில் வில் போல் வளைந்த இரட்டைத் தையலுக்கு நூல் செலவிடுவது தடுக்கப்பட்டதால், அவ்வளைவு வண்ணத்தால் தீட்டப்பட்டது. துவைக்கத் துவைக்க வண்ணம் அழிந்துவிட்டதாதலால், இக்காலத்து ஆடைகள் பலவற்றின் பின்பைகள் வெறுமையாகக் காணப்படும். 1947 அளவில் நூல் தையல் மீண்டும் வந்தது. இறுக்கு வாரோ திரும்ப வரவில்லை.

இம்மாறுதல்கள் யாவும் ஒருங்கே காணப்பட்டால், ஆடை 1942 முதல் 1947 வரையிலான குறுகிய இடைவெளிக்குள் வந்துவிடுகிறது. செப்புப் பூச்சுடைய எஃகு ரிவெட்டுகளும் அக்காலத்தில் பயன்பட்டன. சிறு காந்தம் ஒன்றைக் கொண்டு அவற்றை அறியலாம்: செம்பைக் காந்தம் ஈர்க்காது, எஃகை ஈர்க்கும்.

துணியும் கரையும்

ஆடையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், காலின் வெளிப்புறத் தையலில் துணியின் ஓரம் தெரியும். பழைய நாடாத் தறியில் ஊடை நூல் ஓரத்தில் திரும்பித் திரும்பி ஓடுவதால் துணியின் கரை தானே முடிந்து உறுதியாக நிற்கும். அத்தறியில் நெய்த டெனிமின் அகலம் ஏறத்தாழ 28 முதல் 30 அங்குலம். 1950-கள் முதல் நாடாவில்லாத அகலத் தறிகள் பரவின. அவற்றில் ஊடை நூல் ஒவ்வொரு முறையும் வெட்டப்படுவதால் ஓரத்தில் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். தைக்கும்போது அவ்வோரத்தை நூலால் பின்ன வேண்டும். 501 வகையில் சிவப்பு நூலோடிய கரை 1980-களின் நடுப்பகுதிக்குள் மறைந்தது.

லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்திற்குத் தொடக்கத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஆமோஸ்கெக் ஆலை டெனிம் நெய்து தந்தது. 1915 முதல் வட கரோலினா மாநிலத்தின் கோன் ஆலைத் துணி சேர்ந்து, பின்னர் அதுவே முதன்மை பெற்றது. ஆமோஸ்கெக் ஆலை 1930-களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. கோன் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஒயிட் ஓக் ஆலை 2017-ஆம் ஆண்டு இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது.

கரை இருப்பதனால் மட்டும் ஆடை பழையது என்று முடிவு செய்யலாகாது. ஜப்பானில் பழைய ஜீன்ஸைச் சேகரிக்கும் ஆர்வம் பெருகியபோது, நாடாத் தறியில் நெய்து பழைய வடிவிலேயே புதிதாகத் தைக்கும் தொழில் அங்கே வளர்ந்தது. பெரிய ‘ஈ’ எழுத்தும், மறைந்த ரிவெட்டும், சிவப்புக் கரையும் கொண்ட புதிய ஆடைகளை அமெரிக்க நிறுவனமும் சேகரிப்பாளருக்கென விற்று வந்துள்ளது. இவை ஏமாற்றும் நோக்குடன் செய்யப்பட்டவையல்ல. ஆயினும் சீட்டு வெட்டப்பட்டுக் கைமாறும்போது ஏமாற்றுக்கு இடந்தருகின்றன.

சட்டங்கள் விட்டுச்சென்ற தடம்

தயாரிப்பாளர் விரும்பிச் செய்த மாறுதல்களை விட, சட்டம் கட்டாயப்படுத்திய மாறுதல்கள் உறுதியான எல்லைகளைத் தருகின்றன. அமெரிக்காவில் ஆடையைத் துவைத்துப் பேணும் முறையை நிலையான சீட்டில் அச்சிட வேண்டும் என்னும் விதி 1972-ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. துணியிலுள்ள இழைகளின் வகையையும் விழுக்காட்டையும் சீட்டில் காட்டுமாறு பணித்த சட்டம் 1960-ஆம் ஆண்டு மார்ச்சில் செயற்பட்டது. அஞ்சல் முகவரியில் ஐந்து இலக்கக் குறியீட்டு எண் எழுதும் முறை 1963-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கியது. எனவே நிறுவனத்தின் முகவரியோடு அவ்வெண் அச்சிடப்பட்டிருந்தால் 1963 அச்சீட்டின் முன்னெல்லையாகும்.

ஒரு மாதிரிக் கணிப்பு

வில்லை கிழிந்துபோன 501 வகை ஜீன்ஸ் ஒன்று ஆய்வுக்கு வந்ததாகக் கொள்க. அதில் பைகள் ஐந்து. இடைவார்க் கண்ணிகள் உள்ளன. இறுக்கு வாரும் தோள்வார்ப் பொத்தான்களும் இல்லை. பின்பைகளில் வளைவு நூலால் தைக்கப்பட்டுள்ளது. பைக்குள் விரல் விட்டால் மறைந்த ரிவெட்டுகள் தட்டுப்படுகின்றன. சிவப்பு நாடாவில் பெரிய ‘ஈ’ எழுத்து உள்ளது. இடுப்பில் அட்டை வில்லையின் துண்டு தையலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரை சிவப்பு நூலோடியது. பேணும் முறைச் சீட்டு இல்லை.

இனி எல்லைகளை வரிசைப்படுத்தலாம். சிவப்பு நாடா 1936-ஐ முன்னெல்லையாகத் தருகிறது. இறுக்கு வார் இல்லாமை அதனை 1942-க்கு உயர்த்துகிறது. இறுக்கு வாரின்றி நூல் வளைவு மட்டும் இருப்பது 1947-க்கு உயர்த்துகிறது. அட்டை வில்லை 1950-களின் நடுப்பகுதிக்கு உயர்த்துகிறது. மறுபுறம், சிவப்புக் கரை 1980-களைப் பின்னெல்லையாகத் தருகிறது. சீட்டு இல்லாமை அதனை 1972-க்கும், பெரிய ‘ஈ’ எழுத்து 1971-க்கும், மறைந்த ரிவெட்டு 1960-களின் நடுப்பகுதிக்கும் இறக்குகின்றன. ஆகவே ஆடையின் காலம் ஏறத்தாழ 1955-க்கும் 1966-க்கும் இடைப்பட்டது.

இக்கணிப்பில் முடிவைத் தீர்மானித்தவை வில்லைத் துண்டும் மறைந்த ரிவெட்டும் மட்டுமே. மற்றவை முரண்படாமல் நின்று முடிவுக்கு உறுதி சேர்த்தன. அந்தச் சிறிய அட்டைத் துண்டை அழுக்கென்று பிய்த்து எறிந்திருந்தால், முன்னெல்லை எட்டு ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். மாறாக, இதே ஆடையின் உட்தையலில் துவைக்கும் முறை அச்சிட்ட சீட்டு ஒன்று இருந்திருந்தால், எல்லைகள் முரண்பட்டிருக்கும். முரண்பாடு தோன்றினால் மூன்று விளக்கங்களை ஆராய வேண்டும்: ஆடை பிற்காலப் படியாக இருக்கலாம், பழுது பார்க்கப்பட்டிருக்கலாம், இரண்டு ஆடைகளின் உறுப்புகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். வசதியற்ற சான்றைப் புறக்கணிப்பது மட்டும் கூடாது.

ஆய்வுக்கூடத்தின் துணை

கண்ணுக்குத் தெரியாத சான்றுகளும் உண்டு. பாலியெஸ்டர் இழை 1941-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் 1950-களில் சந்தைக்கு வந்தது. ஆடையின் தையல் நூலில் அது கலந்திருந்தால் அத்தையல் அதற்குப் பிற்பட்டது. உதிர்ந்த நூல் துணுக்கொன்றை இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டினால், பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். இச்சோதனையை உதிர்ந்த துணுக்கில் மட்டுமே செய்ய வேண்டும்.

நீலச் சாயமும் ஒரு சான்று. அதனை ஆய்வுக்கூடத்தில் முதன்முதல் உருவாக்கியவர் ஜெர்மானிய இரசாயன அறிஞர் அடால்ஃப் பான் பேயர், ஆண்டு 1880. தொழிற்சாலையில் செய்த நீலம் 1897-இல் விற்பனைக்கு வந்தது. அதன் போட்டியால் இந்திய அவுரிச் சாகுபடி பெரிதும் சரிந்தது. இரு நீலங்களின் மூலக்கூறும் ஒன்றே. ஆயினும் செடியின் நீலத்தில் இண்டிருபின் என்னும் சிவப்புப் பொருள் முதலிய துணைப்பொருள்கள் சிறிதளவு கலந்திருக்கும். இவற்றைப் பகுப்பாய்வால் காணலாம். செயற்கை நீலம் என்று உறுதிப்பட்டால் ஆடை 1897-க்குப் பிற்பட்டது. ஆனால் செடியின் நீலம் என்று உறுதிப்பட்டாலும், அது 1897-க்கு முற்பட்டது என்று கூற இயலாது. ஏனெனில் அதன் பயன் அதன் பிறகும் நீடித்தது.

பருத்தி ஓராண்டுப் பயிராக வளர்க்கப்படுவதால், அது விளைந்த பருவத்துக் காற்றின் கார்பன் அதன் இழையில் தங்கிவிடுகிறது. 1950-களின் நடுப்பகுதி முதல் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருகி, 1963-ஐ ஒட்டி வட கோளத்தில் ஏறத்தாழ இருமடங்காயிற்று. பின்னர் படிப்படியாகக் குறைந்தது. எனவே இழையில் இப்பெருக்கம் காணப்பட்டால் அப்பருத்தி 1955-க்குப் பின் விளைந்தது. ஆயினும் ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் ஒரே அளவு தோன்றுமாதலால், இச்சோதனை இரண்டு விடைகளைத் தரும். 1950-களின் இறுதியில் விளைந்த பருத்தியும் 1990-களின் இறுதியில் விளைந்த பருத்தியும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டக்கூடும். மேலும் நிலக்கரி, பெட்ரோலியம் ஆகியவற்றின் புகை கலந்ததால், 2020-களின் தொடக்கத்தில் இவ்வளவு சோதனைகளுக்கு முந்திய நிலைக்கே இறங்கிவிட்டது. ஆகவே இனி விளையும் பருத்தியைக் கொண்டு செய்யும் போலியை இச்சோதனை மட்டும் காட்டிக்கொடுக்காது. ஆய்வுக்கூடம் கண்ணுக்கும் கைக்கும் துணை, அவற்றிற்கு மாற்றன்று.

காலம் உறுதி, தயாரிப்பாளர் ஐயம்

காலம் கணித்தலில் எது நிறுவப்பட்டது, எது நிறுவப்படவில்லை என்று பிரித்தறிவது இன்றியமையாதது. கலிபோர்னியாத் தங்கத்தையும் பயணிகளையும் ஏற்றி வந்த ‘ஸென்ட்ரல் அமெரிக்கா’ என்னும் நீராவிக் கப்பல் 1857-ஆம் ஆண்டு செப்டம்பரில் புயலில் சிக்கி, கரோலினாக் கரைக்கு அப்பால் மூழ்கியது. நானூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்கப்பலிலிருந்து மீட்கப்பட்ட பெட்டியொன்றில் ஒரு வேலைக் கால்சட்டை இருந்தது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் ரீனோ நகரில் அது 1,14,000 டாலருக்கு ஏலம் போயிற்று. இதனை லீவை ஸ்ட்ராஸோடு தொடர்புபடுத்திச் சிலர் பேசினர். அந்நிறுவனத்தின் வரலாற்றாளர் அதனை ஏற்கவில்லை.

இங்கே பின்னெல்லை ஐயத்திற்கு இடமற்றது: கப்பல் மூழ்கிய பின் அப்பெட்டியில் எதுவும் வைக்கப்பட்டிருக்க முடியாது. ஆனால் காலம் உறுதியாயிற்று என்பதனால் தயாரிப்பாளர் பெயரும் உறுதியாகிவிடாது. ரிவெட் காப்புரிமை அதற்குப் பதினாறு ஆண்டுகள் பின்னரே வந்தது; ஆடையில் தயாரிப்பாளரைக் காட்டும் முத்திரையும் இல்லை. விலை உயர்வது சான்றாகாது.

கிடைத்த இடமும் சான்றே

மேற்கு அமெரிக்காவின் வறண்ட மலைகளில் கைவிடப்பட்ட சுரங்கங்கள் பல உள்ளன. ஈரமும் ஒளியும் இல்லாமையால் அங்கே எறியப்பட்ட பருத்தி ஆடைகள் நூறாண்டுக்கு மேலும் அழியாமல் இருந்திருக்கின்றன. நெவாடாவின் சுரங்க ஊரொன்றில் கிடைத்த 1880-களின் ஜீன்ஸ் ஒன்றை, 2001-இல் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனமே 46,532 டாலர் கொடுத்து ஏலத்தில் வாங்கியது. இத்தகைய விலைகள் பலரைச் சுரங்கங்களுக்குள் இழுத்துள்ளன. உளுத்த மரத்தாங்கிகளும், உயிர்வாயு குன்றிய காற்றும், மறைந்த பள்ளங்களும் அங்கே உயிருக்கு ஆபத்தானவை.

உயிர்ச்சேதத்தோடு அறிவுச்சேதமும் உண்டு. ஆடை கிடந்த மூலை, அதன் அருகிலிருந்த தகரப் பெட்டி, செய்தித்தாள் துண்டு, மெழுகுவர்த்தி ஆகியவை அனைத்தும் அதன் காலத்தையும் உடுத்தியவர் தொழிலையும் கூறுவன. அவற்றைக் குறிக்காமல் ஆடையை மட்டும் உருவி எடுத்தால் சான்றின் பெரும் பகுதி அங்கேயே அழிகிறது. இதனால்தான் அமெரிக்க மத்திய அரசின் நிலங்களில் நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை அனுமதியின்றி அகற்றுவதை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது.

களப்பணியாளர் எந்நாட்டில் எப்பொருளைக் கண்டாலும் முறை ஒன்றே. முதலில் உரியவரின் அனுமதி பெறுக. பொருளைத் தொடுமுன் அளவுகோலுடன் புகைப்படம் எடுக்க. இடம், ஆழம், கிடந்த நிலை, உடனிருந்த பொருள்கள், நாள், கண்டவர் பெயர் ஆகியவற்றை அங்கேயே எழுதுக. நினைவை நம்பிப் பின்னர் எழுதுதல் கூடாது.

பேணும் முறை

பழைய ஆடையைத் துவைக்கலாகாது. நீலச் சாயம் நூலின் மேற்புறத்தில் மட்டும் படிந்திருக்கும், உள்ளே வெண்மையே. தேயத் தேய வெண்மை வெளிப்படும் இவ்வியல்பே, ஆடை எவ்வாறு உடுத்தப்பட்டது என்பதைக் காட்டும் வரைபடமாகும். முழங்காலின் வெளிறல் முழந்தாளிட்டு வேலை செய்ததையும், மெழுகுத் துளிகள் இருளில் மெழுகுவர்த்தியோடு உழைத்ததையும் காட்டுகின்றன. துவைத்தால் இவை மங்கும். தோல் வில்லை சுருங்கி உடையும். புதிய சோப்புத் தூளிலுள்ள ஒளியூட்டும் இரசாயனங்கள் இழையில் படிந்து புற ஊதாக் கதிர்ச் சோதனையைக் கெடுக்கும்.

தளர்ந்த மண்ணை மென்மையான தூரிகையால் மட்டும் அகற்றுக. அம்மண்ணையும் தாளில் மடித்துப் பெயரிட்டு வைக்க. ஆடையை மடிப்பு விழாதவாறு, அமிலமற்ற தாள் இட்டு, உலர்ந்த இருண்ட பெட்டியில் கிடத்துக. பிளாஸ்டிக் உறையில் இறுக மூடினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கம்பளித் துணியைத் தின்னும் அந்துப்பூச்சி பருத்தியை நாடுவது அரிது. வெள்ளிமீன் பூச்சியோ பருத்தியிலுள்ள கஞ்சிப்பசையை விரும்பித் தின்னும். ரிவெட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு காணப்பட்டால் தேய்த்துப் பளபளப்பாக்க முயலலாகாது. அதன்மேலுள்ள எழுத்துகளும் ஒரு சான்றாகும்.

வகுப்பறைப் பயிற்சி

இம்முறையை மாணவர்க்குக் கற்பிக்கப் பழைய ஜீன்ஸ் தேவையில்லை. வீட்டுப் பெட்டிகளில் உள்ள பழைய சட்டை, பள்ளிச் சீருடை, பாவாடை ஆகியவற்றில் ஐந்தாறு கொண்டுவரச் செய்க. மாணவர் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வோர் ஆடையிலும் பொத்தானின் பொருள், ஜிப், தையல் நூல், சீட்டிலுள்ள முகவரியும் மொழியும், பழுது பார்த்த தடம் ஆகியவற்றைக் கைவில்லையால் பார்த்து எழுதட்டும். பின்னர் ஒவ்வோர் அடையாளத்திற்கும் முன்னெல்லை, பின்னெல்லை என இரு கட்டங்கள் வரைந்து, தெரிந்ததை மட்டும் நிரப்பட்டும். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுவதும் பயிற்சியின் ஒரு பகுதியே. எல்லாம் முடிந்த பின்னரே ஆடைக்குரிய குடும்பத்துப் பெரியோரைக் கேட்டு விடையைச் சரிபார்க்க வேண்டும்.

அப்போது சில விடைகள் தவறாக இருக்கும். எந்தச் சான்றை அளவுக்கு மீறி நம்பியதால் தவறு நேர்ந்தது என்பதை மாணவரே கண்டறியச் செய்வது ஆசிரியரின் பணி. ஒரே அடையாளத்தை நம்பி முடிவு கட்டாமல், பல சான்றுகளை ஒன்றோடொன்று வைத்து நிறுக்கும் பழக்கம் வேரூன்றினால் பாடத்தின் நோக்கம் நிறைவேறியதாகும். அதனுடன், குப்பைக்குச் செல்லவிருந்த ஒரு பழைய ஆடையை ஒரு மாணவனேனும் எடுத்து மடித்து, அதனை உடுத்தியவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி உடன் வைப்பானாயின், பின்வரும் ஆராய்ச்சியாளர்க்கு ஒரு முழு ஏடு கிடைத்ததாகும்.